ஏழு சுரம், ஏழு விலங்கு: கச்சேரிப் படப்புத்தகம் செய்யும் முறை

ச மயில், ரி காளை, க ஆடு, ம கிரவுஞ்சப் பறவை, ப குயில், த குதிரை, நி யானை. ஏழு சுரங்களுக்கும் இந்த ஏழு உயிர்களின் குரலைப் பழைய இசை நூல்கள் சொல்கின்றன. நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். ரிஷபத்துக்கு (ரி) சாதகப் பறவையையும் தைவதத்துக்கு (த) தவளையையும் சொல்பவர்கள் உண்டு. விலங்குகள் கச்சேரி செய்யும் படப்புத்தகத்துக்கு இந்த வரிசை ரொம்பத் தோது. யார் முதலில் வருவது, யார் கடைசி என்று மண்டையை உடைக்க வேண்டாம், சுரவரிசையே சொல்லிவிடும். யாருக்கு எந்த வாத்தியம் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. வேலையில் பாதி அதுதான்.

முதலில் அளவு. புத்தகம் 8 அங்குலச் சதுரம், உள்ளே 24 பக்கம், அட்டை தனி. டிஜிட்டல் அச்சுக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 12க்கு 18 அங்குலத் தாளை வைத்துதான் இந்த அளவு. விரித்தால் 16க்கு 8. சுற்றிலும் வெட்டுக்கு 3 மி.மீ. விட்டால் 412க்கு 209 மி.மீ. தாளில் ஒரு விரிப்பு (எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்) உட்கார்ந்ததுபோக 95 மி.மீ. அகலப் பட்டை ஒன்று மிஞ்சும். அட்டைத் தாளில் மிஞ்சும் அந்தப் பட்டையில் ஏழு சுரச் சீட்டுகள் இலவசமாக வந்துவிடும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஒரு பிரதிக்கு வேண்டியது: உள்பக்கத்துக்கு 170 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மேட் ஆர்ட் தாள் 6, அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு 1. பத்துப் பிரதி போடுகிறீர்கள் என்றால் 60, 10 என்று கணக்காக நிற்காமல் உள்தாள் 66, அட்டை 12 அடியுங்கள். மடிப்பில் சில தாள் போகும்.

கால் பார்த்து வாத்தியம்

விலங்கு இசைக்கலைஞர் படங்கள் பெரும்பாலும் சறுக்குவது கையில்தான். ஆட்டுக்குத் திடீரென்று ஐந்து விரல் முளைத்திருக்கும். பறவை குழலை அலகில் வைத்து எப்படியோ ஊதிக்கொண்டிருக்கும். தப்பிக்க இரண்டு வழி உண்டு. புராணப் பாடகர் தும்புருவைப் போல, அதிகார நந்தியைப் போல விலங்கு முகமும் மனித உடம்பும் வைப்பது ஒன்று. விலங்கை முழு விலங்காகவே விடுவது இன்னொன்று. எதை எடுத்தாலும் புத்தகம் முழுக்க அதுவே இருக்கவேண்டும். கலந்தால் குழந்தை மூன்றாவது பக்கத்தில் கேட்டுவிடும்.

இங்கே எடுத்தது இரண்டாவது வழி. அதற்கு ஒரு விதி: அந்த விலங்குக்கு நிஜமாக உள்ள கால், இறகு, தும்பிக்கையால் அந்த வாத்தியத்தை நம்பும்படி வாசிக்க முடியவேண்டும். முடியாவிட்டால் வாத்தியத்தை மாற்ற வேண்டும், காலை மாற்றக் கூடாது.

மயிலுக்குத் தம்புரா. ஆதார சுருதி ஷட்ஜம் (ச), ஷட்ஜத்தின் உயிர் மயில். பொருத்தம் தானாக அமைந்துவிட்டது. தம்புராவுக்கு நான்கு தந்தி, அவற்றை முறுக்க நான்கு பிருடை. பஞ்சமத் (ப) தந்தியை நடுவிரல் தொடும், மற்ற மூன்றையும் ஆள்காட்டி விரல். விரல் தந்தியை அழுத்துவதில்லை, வருடிப் போகிறது. சிறகின் நுனி இறகுகளுக்கு இது எளிதாகக் கைவரும். சிக்கல் வேறிடத்தில். மயிலின் கழுத்தும் தம்புராவின் தண்டியும் ஒரே உயரத்தில் நெடுக நிற்கும் இரண்டு கோடுகள். இணையாக வரைந்தால் எது எதுவென்று சின்னக் கண்ணுக்குப் புரியாது. தண்டியை நேராக நிறுத்தி, கழுத்தை வளைத்து, தலையைத் தண்டிக்கு இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். தோகையை முதல் விரிப்பில் மூடியே வையுங்கள். மேல் ஷட்ஜம் வரும்போது விரிக்கலாம்.

காளைக்கு மிருதங்கம். ஈசன் ஆட நந்தி மத்தளம் வாசிப்பது கோயில் மரபு, அதை விடமுடியாது. மாட்டுக்குப் பிளவுபட்ட குளம்பு, அதாவது இரண்டு விரல். வலந்தலை என்னும் வல முகத்தில் ஒரு குளம்பு, தொப்பி என்னும் இட முகத்தில் ஒரு குளம்பு. அடிக்கடி தவறாக வருவது இடவலம். கறுப்பு வட்டமான கரணை இருப்பது வலந்தலையில், அது சின்ன முகம். வலக்கைக்காரர் எதிரே உட்கார்ந்தால் பார்ப்பவருக்கு அது இடப்பக்கம் தெரியும். பக்கம் கட்டுபவர், காளை உள்நோக்கிப் பார்க்கட்டும் என்று படத்தைக் கண்ணாடித் திருப்பம் செய்துவிட்டால் காளை இடக்கைக்காரராகிவிடும். அதில் குற்றமில்லை, இடக்கை வித்வான்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே திருப்பத்தில் பக்கத்திலிருக்கும் ‘ரி’ எழுத்தும் திரும்பிக்கொள்ளும். படத்திலேயே எழுத்தை வரையாமல் தனி அடுக்கில் வைக்கவேண்டியதன் முதல் காரணம் இது.

மிருதங்கத்தில் மாட்டுத் தோல், ஆட்டுத் தோல் இரண்டும் உண்டு. எட்டு வயதுக் குழந்தை இதைக் கேட்காமல் விடாது. அதனால்தான் ஆட்டுக்குத் தோல் வாத்தியம் எதுவும் தரவில்லை. காளையின் பங்கை நந்தி பார்த்துக்கொள்வார். கஞ்சிராவை மொத்தமாகவே தவிர்த்தாயிற்று. அதன் மரபான தோல் உடும்புத் தோல். உடும்பு 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர்.

ஆட்டுக்குக் கடம். சுட்ட மண், தோல் கிடையாது. குளம்பு மண்ணில் படும் ஓசையைக் குழந்தையால் ஊகிக்கவும் முடியும். கடத்தைத் தண்ணீர்க் குடமாக வரைந்துவிடுவார்கள். கடத்தின் வாய் குறுகல், விளிம்பு தடித்து வெளியே மடங்கியிருக்காது, சுவர் கனம். மானாமதுரைக் கடத்தின் புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தால் இந்தத் தவறு வராது. கடத்தின் வாய் ஆட்டின் வயிற்றைப் பார்த்து இருக்கட்டும். ஒரு குளம்பு கடத்தின் வாயருகே, ஒன்று கடத்தின் வயிற்றில்.

கிரவுஞ்சத்தை நாரையாக வரைந்து வயலின் கொடுத்தோம். கர்நாடக இசையில் வயலினைத் தாடையில் செருகுவதில்லை. வாசிப்பவர் தரையில் அமர்ந்து, அடிப்பகுதியை இடது தோளருகே நெஞ்சில் சாய்த்து, சுருள் தலையை வலது பாதத்தில் ஊன்றுவார். எதிரே இருந்து பார்த்தால் வயலின் வல மேல் மூலையிலிருந்து இடக் கீழ் மூலைக்குச் சாயும். நீளக்கால் பறவைக்கு இந்த அமர்வு அளவெடுத்ததுபோலப் பொருந்துகிறது. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். பறவையின் காலில் பின்னால் மடங்குவதாகத் தெரிவது முழங்காலல்ல, கணுக்கால். உண்மையான முழங்கால் இறகுக்குள் ஒளிந்திருக்கும். நாரை உட்காரும்போது கணுவிலிருந்து விரல் வரையுள்ள நீளத் தண்டு தரையில் படிந்து முன்னே நீளும். அந்த விரல்களின் மேல் சுருளை வையுங்கள். மனிதக் காலை நினைத்துச் சம்மணம் போட வைத்தால் கால் உடைந்த நாரைபோல இருக்கும்.

குயிலுக்கு வாத்தியமே இல்லை. எல்லாரும் புல்லாங்குழலைத்தான் நீட்டுவார்கள். அலகில் உதடு கிடையாது, குறுக்குக்குழல் ஊத முடியாது. விதிப்படி தள்ளுபடி. அதனால் குயில் வாய்ப்பாட்டு. கூவுவது ஆண் குயில். அது நீலம் ஓடும் கறுப்பு, கண் சிவப்பு, அலகு வெளிர்பச்சை. பழுப்பில் வெள்ளைப் புள்ளி இறைத்தது பெண். புள்ளிக் குயிலை வரைந்து கூவவிட்டால் பறவை தெரிந்தவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். ஒரு சிறகு ஆதிதாளம் போடட்டும். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கையையும் பக்கத்தின் அடியில் எட்டுச் சின்னச் சிறகுகளாக வரைந்தால் பெரியவர் படிக்கும்போது குழந்தை தாளம் போடும்.

குதிரைதான் எல்லாரையும்விட நேரம் எடுத்தது. தும்புருவுக்குக் குதிரை முகம், கையில் வீணை. ஆகவே வீணை என்றே தொடங்கத் தோன்றும். ஆனால் சரஸ்வதி வீணையில் 24 மெட்டுகள் (தண்டியின் குறுக்குக் கம்பிகள்), ஒவ்வொன்றிலும் விரல் தனித்தனியாக அழுத்தவேண்டும், இழுத்துக் கமகம் (சுரத்தின் அசைவு) கொடுக்கவேண்டும். குதிரைக்குக் காலுக்கு ஒற்றைக் குளம்புதான். விடை சித்திரவீணை, கோட்டுவாத்தியம் என்றும் சொல்வார்கள். அதில் மெட்டே கிடையாது. தரையில் கிடத்தி, வழவழப்பான உருளைக் கட்டை ஒன்றைத் தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டு போவார்கள். கட்டை செய்கிற வேலையைக் குளம்பு செய்துவிடும்! இடது குளம்பு தந்தியில் வழுக்கும். வலது குளம்பில் தந்தியைச் சுண்டும் மீட்டு ஒன்றை மாட்டிவிட்டால் போதும். தந்திகள் பெரும்பாலும் 20, 21 இருக்கும். அத்தனையும் வரையப் போகாதீர்கள், அச்சில் சாம்பல் திட்டாகிவிடும். மேலே ஓடும் 6, பக்கவாட்டில் 3 மட்டும் போதும். குடம் குதிரையின் வலக் கைப்பக்கம்.

யானைக்குக் கொம்பு. பித்தளையில் பிறை வளைவு, விரல்துளை எதுவும் இல்லை. பழக்கதோஷத்தில் துளை போட்டுவிடாதீர்கள். யானை பிளிறுவது தும்பிக்கை வழியாக, ஆகவே ஊதுவாயைத் தும்பிக்கை நுனியில் பொருத்தினால் ஊதுவதும் பிடிப்பதும் ஒரே இடத்தில் முடிந்தது. நம் யானைக்குத் தும்பிக்கை நுனியில் ஒரு விரல் மடிப்புதான், ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. காது சிறியது, தலையில் இரண்டு புடைப்பு, முன்காலில் ஐந்து நகம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படங்களில் பாதி ஆப்பிரிக்க யானை, பார்த்து எடுங்கள்.

ஏழு பேரும் சேரும் விரிப்பில் ஒரு நெருடல் வரும். தம்புராவும் சித்திரவீணையும் கூடத்து வாத்தியங்கள். கொம்பு திருவிழாத் தெருவுக்கானது. பக்கத்தில் உட்கார்ந்து ஊதினால் மற்ற ஆறும் கேட்காது. யானையை வாசலுக்கு வெளியே நிறுத்தித் தும்பிக்கையை மட்டும் உள்ளே விட்டால் இசை தெரிந்தவருக்குச் சிரிப்பு, குழந்தைக்கும் சிரிப்பு. அதே படத்தில் குதிரை நாரையின் வில்லைச் சந்தேகமாகப் பார்க்கட்டும். வயலின் வில்லில் கட்டுவது குதிரைவால் முடி.

பக்கப் பங்கீடு

24 பக்கத்தில் நடு விரிப்பு 12, 13. எதிரெதிரே தெரியும் பக்கங்களில் இந்த இரண்டு மட்டும்தான் ஒரே தாளின் ஒரே முகத்தில் அச்சாகும். மற்ற எல்லா விரிப்புகளிலும் இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் வேறு தாள். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் நடுமடிப்பைக் கடக்கும் நேர்க்கோடு உடைந்து தெரியும். சித்திரவீணையின் நீளத் தந்திகள் எங்கே போகவேண்டும் என்பதை இது தீர்த்துவிடுகிறது.

பக்கம் 1 தலைப்பு. வழக்கமாக 2, 3இல் ஒரு அறிமுகக் காட்சி வைப்பார்கள். வைத்தால் குதிரை 14, 15க்குத் தள்ளிப்போகும். அறிமுகத்தை வெட்டிவிட்டு 2, 3இலேயே மயிலைத் தொடங்கினால் காளை 4, 5, ஆடு 6, 7, நாரை 8, 9, குயில் 10, 11, குதிரை சரியாக 12, 13. யானை 14, 15. மேல் ஷட்ஜத்துக்குத் தோகை விரித்த மயில் 16, 17. எல்லாரும் சேர்ந்து 18, 19. அவரோகணமாகப் படியிறங்கி வீடு திரும்புவது 20, 21. பெரியவர்களுக்கான குறிப்பு 22, 23. பதிப்பு விவரம் 24. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற பழந்தமிழ்ப் பெயர்களைப் பெரியவர் குறிப்பில் போட்டோம்.

வரைவதற்கு முன்னால் சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளில் ஆறு தாளை மடித்து, அதே அளவில் மாதிரிப் புத்தகம் செய்து, பென்சில் கிறுக்கலோடு யாருக்காவது உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்தப் பக்கத்தில் வாசகம் நீளம், எங்கே புரட்டக் கை போகிறது என்பது திரையில் தெரியாது.

வரைவது, ஸ்கேன்

நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் தாள். 22க்கு 30 அங்குல முழுத்தாளில் 460க்கு 250 மி.மீ. துண்டு மூன்று கிடைக்கும். பத்து விரிப்பும் அட்டையும் சேர்ந்து 11 படம், நான்கு முழுத்தாளில் 12 துண்டு. மிஞ்சும் ஒன்று வண்ணம் சோதிக்க. படம் அச்சளவிலேயே, 412க்கு 209. பெரிதாக வரைந்து சுருக்குவதுதான் வழக்கம், ஆனால் சாதாரண ஏ3 ஸ்கேனர் 420 மி.மீ.க்கு மேல் எடுக்காது. இரண்டு துண்டாக ஸ்கேன் செய்து ஒட்டுவது நீர்வண்ணத்தில் ஒட்டு தெரியாமல் முடிவது அரிது. ஓரத்து நாடாவைப் பிரித்ததும் துண்டை 418 மி.மீ.க்கு நறுக்கி ஸ்கேனரில் வையுங்கள். 400 டிபிஐயில் எடுத்து, அச்சுக்கு 300இல் வைக்கலாம்.

ஸ்கேனர் மிக வெளிர்ந்த மஞ்சள், இளஞ்சிவப்புச் சாயலை விழுங்கிவிடும். வானத்துக்கு மெல்லிய சாயம் பூசுவதாக இருந்தால் கண்ணுக்குப் போதும் என்று தோன்றுவதைவிட ஒரு பூச்சு கூடுதலாகப் போடவேண்டும்.

அச்சில் அதிகம் ஏமாற்றுவது மயில் நீலம். திரையில் பளபளக்கும் நீலம் நான்கு வண்ண அச்சில் ஊதாவாகச் சரியும். சயானுக்கும் (அச்சின் நீல மை) மெஜந்தாவுக்கும் (அச்சின் சிவப்பு மை) இடையே குறைந்தது 30 விழுக்காடு இடைவெளி இருந்தால் நீலம் நீலமாக நிற்கும். சயான் 100, மெஜந்தா 60 நல்ல தொடக்கம். குயிலின் கறுப்புக்குக் கறுப்பு 100 மட்டும் போட்டால் சாம்பல் படிந்ததுபோல வெளிறும். சயான் 60, மெஜந்தா 40 சேர்த்தால் ஆழம் வரும், நீல ஓட்டமும் கிடைக்கும். யானைக்கு நேர்மாறு. மூன்று வண்ணம் கலந்த சாம்பல் ஒரு தாளில் ரோஜாவாகவும் அடுத்த தாளில் பச்சையாகவும் சாயும், 15ஆம் பக்கத்து யானைக்கும் 19ஆம் பக்கத்துத் தும்பிக்கைக்கும் நிறம் ஒட்டாது. கறுப்பை அடிப்படையாக வைத்துச் சயானைத் துளி சேர்ப்பதே பாதுகாப்பு. எதைச் செய்தாலும் முழு அச்சுக்கு முன் மயில், குயில், யானை மூன்று பக்கத்தையும் அதே 170 ஜிஎஸ்எம் தாளில் ஒரு தரம் அடித்துப் பார்த்துவிடுங்கள். வேறு தாளில் எடுத்த மாதிரி உதவாது.

வாசகம்

ஒரு விரிப்புக்குப் பத்துச் சொல், மிஞ்சினால் பதினைந்து. காளைப் பக்கம் இப்படி:

த தி தொம் நம்!
காளை தட்டுது.
தரை அதிருது.
ரி!

மிருதங்கப் பாடத்தின் முதல் சொற்கட்டு அப்படியே இறங்கியிருக்கிறது. ‘காளையானது மிருதங்கத்தை வாசிக்கின்றது’ என்று எழுதினால் ஆசிரியருக்குத் திருப்தி, குழந்தைக்குக் கொட்டாவி. சேர்த்தெழுதும் நீளச் சொற்களையும் தவிர்க்கலாம். ஷட்ஜம், ரிஷபம் போன்ற பெயர்களைப் பெரியவர் குறிப்போடு நிறுத்திக்கொண்டு, உள்ளே ச, ரி, க மட்டும்.

எழுத்து 22 புள்ளி, வரி இடைவெளி 33. கொக்கியும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி தமிழுக்குப் போதாது. பெரிய சுர எழுத்து 160 புள்ளி. தலைப்புக்குப் பலூ தம்பி, உள்ளே முக்த மலர் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ். எல்லாமே திறந்த உரிமம், அச்சுக்குக் காசில்லை. வரிகளை இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள். இரண்டு ஓரமும் சீராக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும்.

பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் கட்டினால், தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்டு-ரெடி’ கம்போசர் போடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ‘கொம்பு’வில் கொம்பு இடம் மாறி உட்காரும். ஸ்கிரைபஸ் 1.6இல் இந்தத் தொல்லை இல்லை. பழைய பேஜ்மேக்கரில் திறந்து பார்க்கிறேன் என்று அச்சகம் கேட்டால் மூலக் கோப்பைக் கொடுக்காமல் எழுத்துருக்கள் பொதிந்த பிடிஎஃப் மட்டும் கொடுக்கவேண்டும். வாசகத்துக்குக் கறுப்பு 100 மட்டும். நான்கு வண்ணக் கறுப்பில் அடித்தால் வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுவது கொஞ்சம் விலகினாலே ‘ணு’, ‘னூ’ சுழிகளில் வண்ண நிழல் அடிக்கும்.

வாசகமும் முகங்களும் வெட்டு விளிம்பிலிருந்தும் நடுமடிப்பிலிருந்தும் 10 மி.மீ. தள்ளியே நிற்கட்டும். ஆறு தாள் ஒன்றுக்குள் ஒன்று செருகும்போது உள்தாள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே தள்ளும், ஓரம் வெட்டும்போது அது போய்விடும்.

அச்சு, மடிப்பு, தையல்

பிடிஎஃப் ஒற்றைப் பக்கங்களாக, 3 மி.மீ. வெட்டு ஓரத்தோடு. கடைக்காரர் தாளில் அடுக்கியதைச் சரிபார்க்க எளிய வழி: ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 25 வரவேண்டும். 24ம் 1ம், 2ம் 23ம், கடைசியாக 12ம் 13ம்.

தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓடவேண்டும். இங்கே முதுகு 12 அங்குலப் பக்கத்துக்கு இணை. தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எளிதாக வளையும் மடிப்புக்கு இணையாகத்தான் இழை. குறுக்கிழைத் தாளாக இருந்தால் மடிப்பில் டோனர் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும், புத்தகமும் மூடாமல் வாயைப் பிளந்தபடி இருக்கும்.

அச்சானதும் பட்டையை வெட்டித் தாளை 412க்கு 209 ஆக்கிக்கொள்ளுங்கள். 170 ஜிஎஸ்எம் தாளைக் கையால் அப்படியே மடிக்கக் கூடாது. ஒவ்வொன்றாகக் கிரீசிங் (மடிப்புக் கோட்டில் அழுத்தும் பள்ளம்) போட்டு, புடைப்பு உள்ளே வருகிற மாதிரி மடிக்கவேண்டும். புடைப்பை வெளியே வைத்து மடிப்பது இயல்பாகத் தோன்றும், ஆனால் அதில்தான் வெடிப்பு அதிகம். அட்டைக்கு வெளிப்புறம் மேட் லேமினேஷன் போட்டபிறகே பட்டையை வெட்டுவதும் கிரீசிங்கும். முதுகுப் பகுதியில் அடர்நிறம் வேண்டாம்.

ஸ்டேப்ளர் கம்பியைவிட நூல் நல்லது. சின்னக் குழந்தைகள் புத்தகத்தைக் கடிக்கும், கம்பி நிமிரும், ஈரத்தில் துருப்பிடிக்கும். 209 மி.மீ. நீள அட்டைத் துண்டில் மேலிருந்து 23, 64, 104.5, 145, 186 மி.மீ.இல் குறியிட்டு, அதை மடிப்பின் உள்ளே வைத்து, எல்லாத் தாளையும் அட்டையையும் சேர்த்து ஊசியால் ஐந்து துளை போடுங்கள். ஊசி மடிப்பின் மேல் நேராக இறங்கவேண்டும், சாய்ந்தால் முதுகுக்கு வெளியே துளை தெரியும்.

மெழுகு தேய்த்த பருத்தி நூல் 60 செ.மீ. போதும். துளைகளை மேலிருந்து 1 முதல் 5 என்று வைத்துக்கொண்டால்: உள்ளிருந்து 3 வழியே வெளியே, 2இல் உள்ளே, 1இல் வெளியே, மறுபடி 2இல் உள்ளே. அங்கிருந்து 3ஐத் தாண்டி 4இல் வெளியே, 5இல் உள்ளே, 4இல் வெளியே, 3இல் உள்ளே. இப்போது இரண்டு நுனியும் நடுவில் சந்திக்கும், 2க்கும் 4க்கும் இடையே ஓடும் நீள நூல் அவற்றின் நடுவே இருக்கவேண்டும். அதை அணைத்து இரட்டை முடிச்சு போட்டு 10 மி.மீ. விட்டு நறுக்குங்கள். ஒரு பக்கமாகவே முடிச்சிட்டால் நாளடைவில் தளர்ந்து நடுத்தாள் கழன்று ஆடும். நூலை எப்போதும் முதுகுக்கு இணையாக இழுங்கள். தாளுக்குச் செங்குத்தாக இழுத்தால் துளை கிழியும்.

தைத்தபின் மேல், கீழ், ஓரம் மூன்று பக்கமும் 3 மி.மீ. வெட்டுங்கள். அச்சகத்துக் கட்டிங் எந்திரம் இருந்தால் ஒரு நொடி வேலை. கையால் என்றால் இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் மெல்ல மெல்லப் பல தடவை. ஒரே அழுத்தில் அறுத்தால் அடிப்பக்கங்கள் சரிந்து வெட்டுப்படும். மூலைகளை 6 மி.மீ. வளைவுக் கட்டரால் உருட்டலாம். மொத்தமும் ஏறக்குறைய இரண்டரை மி.மீ. தடிமன், கைக்கட்டர் ஏற்காது. நான்கு நான்கு தாளாக, அட்டையைத் தனியாக உருட்டுங்கள்.

சுரச் சீட்டு

அட்டைத் தாளின் மிச்சப் பட்டையில் 55க்கு 75 மி.மீ. அளவில் ஏழு சீட்டு. இடைவெளி 4 மி.மீ. விட்டால் மொத்தம் 409, தாள் அகலத்துக்குள் அடங்கிவிடும். முன்புறம் விலங்கு, பின்புறம் எழுத்து. அட்டையோடு சேர்ந்தே லேமினேஷன் ஆகிவிடுவதால் தனிச் செலவில்லை. கலைத்துப்போட்டு வரிசையாக அடுக்கச் சொல்லலாம். ச, க, ப என்று ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துப் பாடவும் உதவும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையிடம் சீட்டைத் தனியாகக் கொடுக்கவேண்டாம், மென்றுவிடும்.

இவற்றைப் புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒரு காகிதப் பை ஒட்டி வைக்கத் தோன்றும். வேண்டாம். ஏழு சீட்டும் சேர்ந்தால் புத்தகத்தின் தடிமனுக்கு ஈடாகும், பின்னட்டை புடைத்து, கடைசிப் பக்கங்கள் மடங்கி, மெல்ல மெல்ல நூல் தளரும். ஒரு துணிப்பையில் புத்தகத்தையும், நாடா சுற்றிய சீட்டுக்கட்டையும் தனித்தனியாகப் போட்டுக் கொடுப்பதே சரி.